சிங்கிள் காயிலா, ஹம்பக்கரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலெக்ட்ரிக் கிட்டாரைப் பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள், கிளம்பும்போது பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "பிக்கப்பை மாத்திடலாமா?" அதில் பாதிப் பேருக்கு மாற்ற வேண்டிய அவசியமே இருக்காது. ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும், அல்லது வீட்டு பிளக் பாயின்ட்டைப் பார்த்தால் போதும். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களுக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

பிக்கப்னா உள்ளே இருக்கிற சின்ன மைக்தானே அண்ணா?

இல்லை. மைக் காற்றின் அதிர்வைப் பிடிக்கும். பிக்கப்புக்குக் காது கிடையாது. அது கவனிப்பது எஃகுக் கம்பியின் அசைவை மட்டும்தான். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவே தடிமனுள்ள எனாமல் பூசிய செம்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) கிட்டாரின் பிக்கப்பில் ஏறக்குறைய எட்டாயிரம் சுற்று இருக்கும். மேலே கிட்டார் கம்பி அசையும்போது காந்தப்புலம் கலைகிறது, அந்தக் கலைவு செம்புச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்குகிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே தத்துவம். நைலான் கம்பி கட்டிய கிளாசிக்கல் கிட்டாரில் இந்த வகைப் பிக்கப் வேலை செய்யாததற்குக் காரணமும் இதுதான்.

சிங்கிள் காயில், ஹம்பக்கர்: ரெண்டுக்கும் உண்மையிலேயே என்ன வித்தியாசம்?

ஒன்றில் ஒரு சுருள், மற்றதில் இரண்டு. ஏன் இரண்டு என்பதுதான் சுவாரஸ்யம். செம்புச் சுருள், கிட்டார் கம்பியின் அசைவை மட்டும் பிடித்துக்கொண்டு சும்மா இருக்காது. ஆம்ப்ளிஃபயரின் (ஆம்பின்) டிரான்ஸ்ஃபார்மர், டியூப் லைட் சோக், சுவருக்குள் ஓடும் ஒயர் என்று அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றின் மின்காந்தப் புலத்தையும் ஏரியல் மாதிரி பிடித்துக்கொள்ளும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் இரைச்சல் 50, 100, 150 ஹெர்ட்ஸ் என்ற வரிசையில் வரும். ஆறாம் கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் இருக்கும் ஜி 98 ஹெர்ட்ஸ். ஆக 'ஹம்' எனப்படும் இந்த இரைச்சல் நமக்கு ஏறக்குறைய ஜி சுருதியில் கேட்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே வேறு சுருதி.

ஹம்பக்கரில் ஒரு சுருளுக்குக் காந்தத்தின் வடக்கு மேலே, இன்னொன்றுக்குத் தெற்கு மேலே. சுருள்களின் இணைப்பும் ஒன்றுக்கொன்று தலைகீழ். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத் துருவம் ஒரு பொருட்டில்லை; அது இரண்டு சுருளிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகிறது. கம்பியின் ஒலியோ துருவத்தால் ஒருமுறை, இணைப்பால் ஒருமுறை என இரண்டு தடவை தலைகீழாவதால் மறுபடி நேராகிக் கூடிவிடுகிறது. கழித்தலைக் கழித்தால் கூட்டல் என்று எட்டாம் வகுப்பில் படித்தது இங்கே பயன்படுகிறது.

கிப்சன் என்ற கிட்டார் நிறுவனத்தில் வேலை பார்த்த சேத் லவர் இதற்கு 1955இல் காப்புரிமை கேட்டார். 1957இல் கிப்சன் கிட்டார்களில் வந்தது, காப்புரிமை கிடைத்ததோ 1959இல். கிட்டத்தட்ட அதே சமயம் ரே பட்ஸ் என்பவர் கிரெட்ச் நிறுவனத்துக்குத் தனியாக ஒன்றைச் செய்திருந்தார். கிப்சன் முதலில் 'காப்புரிமை கோரப்பட்டுள்ளது' என்று ஸ்டிக்கர் ஒட்டியது. ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்துகள்தான் இன்று எல்லாரும் பெருமூச்சோடு சொல்லும் 'பி.ஏ.எஃப்'. பிறகு எண் போட்டு ஒட்டிய ஸ்டிக்கரில் இருந்தது பிக்கப்பின் எண்ணே அல்ல. லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞரின் கம்பி தாங்கிக்கு வாங்கிய காப்புரிமையின் எண்!

அப்போ ஹம்பக்கர்தானே மேல்? இரைச்சல் போடுற சாமானை ஏன் இன்னும் விக்கிறாங்க?

இரைச்சலோடு சேர்ந்து கொஞ்சம் ஒலியும் போய்விடுகிறது, அதனால்தான். இரண்டு சுருளும் கம்பியைப் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடங்களில் 'பார்க்கின்றன'. மிக மெல்லிய மேல்சுரங்களில் சில இந்த இரண்டு இடத்திலும் எதிரெதிராக அசைவதால் அடிபட்டுப்போகும். தவிர, இரண்டு சுருள் தொடராக இணையும்போது அதன் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் சுருளின் குணம்; அளப்பது ஹென்றியில்) ஏறுகிறது. ஸ்ட்ராட் பிக்கப்பில் அது இரண்டரை ஹென்றிக்குள் இருக்கும். பழைய பாணி ஹம்பக்கரில் நாலு, நாலரை. இது ஏற ஏற, ஒலி துருத்திக்கொண்டு நிற்கும் அதிர்வெண் கீழே இறங்கும்.

காதுக்கு என்ன தெரியும் என்றால், சிங்கிள் காயிலில் பிளெக்ட்ரம் கம்பியைத் தொடும் 'டிக்' கூடத் தெளிவாகக் கேட்கும். விரலின் அழுத்தம் மாறினால் குரலும் மாறும். ஹம்பக்கரில் நடுப்பகுதி தடித்து, ஓரங்கள் மழுங்கி, சத்தமும் கூடுதலாக வரும். சிங்கிள் காயில் உங்கள் தப்பை மறைக்காது, ஹம்பக்கர் கொஞ்சம் மறைக்கும். நான் வீட்டில் பயிற்சிக்கு சிங்கிள் காயில்தான் வைத்திருக்கிறேன், காரணம் இதுதான்.

என் கிட்டார்ல இருக்கிறது எதுன்னு பார்த்தே சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஒல்லியாக, ஆறு புள்ளி ஒரே வரிசையில் இருந்தால் சிங்கிள் காயில். அதைப்போல இரண்டு மடங்கு அகலம், இரண்டு வரிசை அல்லது மேலே ஒரு உலோக மூடி என்றால் ஹம்பக்கர்.

ஏமாற்றுகிறவை இரண்டு உண்டு. கிப்சனின் பி-90 பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆனால் சிங்கிள் காயில்தான். 1946இல் வந்தது, ஹம்பக்கருக்கே அண்ணன். இதற்கு நேர்மாறாக, ஒல்லியான உடம்புக்குள் இரண்டு மெல்லிய பட்டைகளோ, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு சுருள்களோ வைத்து வருகிறவை ஹம்பக்கர் வேலைதான் செய்யும். 'நாய்ஸ்லெஸ்' என்று பெயர் போட்டு விற்பவற்றில் பல இந்த அடுக்கு வகை. சந்தேகம் இருந்தால் ஆம்பைப் போட்டு, கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றி, கிட்டாரோடு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நிற்கும் திசையைப் பொறுத்து ஹம் ஏறி இறங்கினால் சிங்கிள் காயில்.

மெட்டல் வாசிக்கணும்னா ஹம்பக்கர் இல்லாம முடியாதுன்னு சொல்றாங்களே?

ஹெவி மெட்டல் பிறந்ததே சிங்கிள் காயிலில்தான் என்று சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன். பிளாக் சப்பாத் குழுவின் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்யும்போது அதன் கிட்டார் கலைஞர் டோனி அயாமியின் ஸ்ட்ராட்டில் பிக்கப் செத்துப்போனது. அவர் கையிலெடுத்த மாற்றுக் கிட்டார் பி-90 பொருத்திய கிப்சன் எஸ்.ஜி. மேலே சொன்ன அந்தத் தடித்த சிங்கிள் காயில். 1969இல் வந்த லெட் செப்பலினின் முதல் இசைத்தட்டிலும் ஜிம்மி பேஜ் பெரும்பாலும் வாசித்தது ஃபெண்டரின் டெலிகாஸ்டர், அதுவும் சிங்கிள் காயில்தான்; கிப்சனின் லெஸ் பால் கிட்டார் பிறகுதான் அவருடைய அடையாளமானது.

அதற்காக சிங்கிள் காயிலையே வாங்குங்கள் என்று சொல்லவில்லை. இன்றைய மெட்டலில் கெயின் அன்றைக்கு இருந்ததைப்போலப் பல மடங்கு. கெயின் ஏறினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். படபடவென்று வெட்டி நிறுத்தும் ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வரும் வாசிப்புத் துணுக்கில்), நிறுத்திய இடத்தில் 'ஊம்ம்' என்று கேட்டால் பாட்டு கெட்டது. நாய்ஸ் கேட் பெடல் போட்டால் வாசிக்காத நேரத்தில் அமுக்கும்; வாசிக்கும்போது உள்ளே இரைச்சல் இருக்கத்தான் செய்யும், நீண்டு மங்க வேண்டிய சுரத்தின் வாலையும் சில சமயம் நறுக்கிவிடும். என் கணக்கு இதுதான்: எந்த வகை இசை என்பதைவிட எவ்வளவு கெயின், எந்த இடத்து மின்சாரம் என்பவை பிக்கப்பை முடிவு செய்யட்டும்.

வீட்டுல வாசிச்சா ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டா குறையுது. ஷாக் அடிச்சிடுமா?

தொட்டால் குறைகிறது என்றால் பெரும்பாலும் கிட்டார் நன்றாகவே இருக்கிறது. உங்கள் உடம்பு ஒரு ஏரியல். அறையிலுள்ள மின்புலத்தைப் பிடித்து, பக்கத்தில் இருக்கும் கிட்டாருக்குக் கொடுக்கிறது. கம்பிகள், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக எர்த் பக்கம் இணைந்திருப்பதால் தொட்டவுடன் அது வடிந்துவிடுகிறது. இந்த 'ஸ்ஸ்ர்ர்' சத்தமும் முன்னால் சொன்ன 50 ஹெர்ட்ஸ் ஹம்மும் வேறு வேறு. ஹம், கம்பியைத் தொட்டாலும் போகாது. திரும்பி நின்றால் குறையும். வீட்டில் டிம்மர், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

ஆனால் ஒன்று முக்கியம். கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு படும்போதோ, ஆம்பின் உலோகத்தைத் தொடும்போதோ சுரீர் என்றால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கோ எர்த் இல்லை. ஆம்பை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வீடுகளிலும் வாடகை மண்டபங்களிலும் மூன்று துளை பாயின்ட் இருக்கும், எர்த் ஒயர் மட்டும் இருக்காது. ஹம் குறைகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது.

உள்ளே செம்பு டேப் ஒட்டினா இரைச்சல் முழுசா போயிடுமா?

மேலே பிரித்துச் சொன்ன இரண்டில் 'ஸ்ஸ்ர்ர்' குறையும், சில கிட்டார்களில் நன்றாகவே குறையும். குழிக்குள்ளும் முகப்புத் தகடான பிக்கார்டின் பின்னாலும் இடைவெளியில்லாமல் ஒட்டி, அதை எர்த்தோடு இணைத்தால்தான் பயன்; இணைக்காத டேப் வெறும் அலங்காரம். 50 ஹெர்ட்ஸ் காந்த ஹம் அவ்வளவு மெல்லிய செம்பைக் கண்டு பயப்படாது. அதற்கு மருந்து இரண்டாவது சுருள் மட்டும்தான்.

ஸ்ட்ராட்ல சுவிட்சை 2லயோ 4லயோ வச்சா இரைச்சல் காணாம போகுது. ஏதும் ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை, அதிர்ஷ்டம். ஸ்ட்ராட்டில் மூன்று பிக்கப்; சுவிட்ச் 2, 4 நிலைகளில் இருந்தால் நடுப் பிக்கப்பும் பக்கத்துப் பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும். இன்றைய பல ஸ்ட்ராட்களில் நடுப் பிக்கப்பைத் துருவம் மாற்றி, சுற்றும் மாற்றி வைக்கிறார்கள். அதனால் அது பக்கத்துப் பிக்கப்போடு சேரும்போது இரண்டும் சேர்ந்து ஒரு ஹம்பக்கர்போல இரைச்சலை அடித்துக்கொள்கின்றன. ஆனால் பிக்கப்கள் தள்ளித் தள்ளி இருப்பதாலும், தொடராக இல்லாமல் இணையாக இணைவதாலும் ஒலி ஹம்பக்கர்போல இருக்காது. டையர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளரின் ஆரம்பகால வாசிப்பில் கேட்கும் அந்த உள்ளொடுங்கிய, மணி போன்ற ஒலி வரும். 1954இல் வந்த ஸ்ட்ராட்டில் மூன்று நிலை சுவிட்சுதான். வாசிப்பவர்கள் சுவிட்சை இரண்டுக்கும் நடுவில் சிக்கவைத்து இந்த ஒலியை எடுத்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சைத் தந்தது 1977இல்தான்.

முதல் கிட்டார் வாங்கறேன். என்ன வாசிப்பேன்னே இன்னும் தெரியாது. எது?

எச்.எஸ்.எஸ். அதாவது பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர், நடுவிலும் நெக் பக்கமும் (கிட்டாரின் கழுத்தை ஒட்டி) சிங்கிள் காயில். மூன்று வருடம் கழித்து உங்கள் சுவிட்ச் எந்த நிலையில் தேய்ந்திருக்கிறதோ, அடுத்த கிட்டார் அந்தப் பக்கம் வாங்கலாம். ஸ்ட்ராட் வடிவ உடம்பில் பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரைப் போட்டு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர் எடி வான் ஹேலன். அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது 1978இல்.

காயில் ஸ்ப்ளிட் இருந்தா ஒரே கிட்டார்ல ரெண்டும் கிடைச்சிடும்ல?

ஒன்றரை கிடைக்கும். ஸ்ப்ளிட் என்பது ஹம்பக்கரின் ஒரு சுருளை வேலைநிறுத்தம் செய்யவைப்பது. மின்தடை 8 கிலோ ஓம் உள்ள ஹம்பக்கரில் மிஞ்சுவது 4 கிலோ ஓம் சுருள். அசல் ஸ்ட்ராட் பிக்கப் 6ஐ ஒட்டி இருக்கும். அதனால் சத்தம் சட்டென்று இறங்கி, ஒலி சப்பென்று ஆகும். அமைப்பும் வேறு. ஸ்ட்ராட்டில் ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு காந்தத் தண்டு நிற்கும். ஹம்பக்கரில் காந்தம் அடியில் படுத்திருக்கும். மேலே தெரிவது வெறும் இரும்பு ஸ்க்ரூ. ஸ்ப்ளிட் செய்த நிமிடமே ஹம்மும் திரும்பி வந்துவிடும்.

இரண்டு சுருளையும் தொடராக இல்லாமல் இணையாக இணைக்கும் ஸ்விட்ச் போடச் சொல்லிப் பாருங்கள். ஒலி தெளியும், இரைச்சலும் வராது. என் மேசைக்கு வருகிறவர்களில் இரண்டையும் கேட்டவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள். எதுவானாலும் பிக்கப்பிலிருந்து நாலு ஒயர் வெளியே வர வேண்டும். பழைய பாணியில் ஒற்றை ஒயர் மட்டும் வந்தால் பிரித்து வேலை செய்ய வேண்டியிருக்கும். கடைக்காரர் 'காயில் டேப்' என்றால் அது வேறு: சிங்கிள் காயிலின் சுற்றில் பாதி வழியில் ஒரு ஒயரை வெளியே எடுப்பது. இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

14 கிலோ ஓம் பிக்கப் 7 கிலோ ஓம் பிக்கப்பைவிட ரெண்டு மடங்கு பவரா?

இல்லை. ஓம் என்பது உள்ளே இருக்கும் செம்புக் கம்பியின் நீளத்தையும் மெலிவையும் மட்டும் சொல்கிறது. டெலிகாஸ்டரின் நெக் பிக்கப்பில் இன்னும் மெல்லிய கம்பி சுற்றியிருப்பதால் ஓம் பல சமயம் பிரிட்ஜ் பிக்கப்பைவிட அதிகமாகக் காட்டும். ஒலியில் சாந்தமானது நெக் பிக்கப்தான். முதல் பதில்களில் வந்த ரே பட்ஸின் கிரெட்ச் ஹம்பக்கர் 4 கிலோ ஓமை ஒட்டி நிற்பது, பளிச்சென்று ஒலிக்கும். ஹம்பக்கர் என்றாலே மந்தம் என்பவர்கள் அதை ஒருமுறை கேட்க வேண்டும். ஒரே வகை கம்பி, ஒரே வகை காந்தம் என்று இருந்தால் மட்டும் ஓமை ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: செம்பின் மின்தடை வெப்பத்தோடு ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். 24 டிகிரி ஏசி அறையில் 6 கிலோ ஓம் காட்டும் பிக்கப், மே மாத மதியம் 38 டிகிரியில் 6.3 காட்டும். அதைப் பார்த்து "வேற பிக்கப்பை மாத்தி வச்சுட்டீங்க" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

சிங்கிள் காயில் இருந்த குழியில ஹம்பக்கர் உட்காருமா?

முழு அளவு ஹம்பக்கர் என்றால் முதலில் பிக்கார்டைக் கழற்றிப் பாருங்கள். பல கிட்டார்களில் கீழே மரம் ஏற்கெனவே அகலமாகக் குடையப்பட்டிருக்கும். புது பிக்கார்ட் வாங்கினால் போதும். இல்லையென்றால் மரத்தைக் குடைய வேண்டும், நல்ல கிட்டாரில் அதை நான் செய்யவே மாட்டேன். முன்பு சொன்ன பட்டை வகை அதே குழியில் உட்காரும்.

'பாட்' என்று சொல்லும், வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மின்தடையையும் பார்க்க வேண்டும். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். 250 பாட்டோடு ஹம்பக்கர் போட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல இருக்கும். 500ல் சிங்கிள் காயில் போட்டால் காதைக் குத்தலாம். இரண்டும் கலந்த கிட்டாரில் 500 பாட் போட்டுவிட்டு, சிங்கிள் காயில் நிலையில் மட்டும் பாட்டுக்கு இணையாக 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் வரும்படி செய்தால் ஏறக்குறைய 242 ஆகிவிடும். சில ரூபாய் வேலை.

பிக்கப் மாத்தாமலே ஒலியை மாத்த வழி இருக்கா?

இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர். கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்கப்புக்கும் இடையே எவ்வளவு என்று பாருங்கள். சிங்கிள் காயிலுக்கு 2 மில்லிமீட்டரை ஒட்டி, ஹம்பக்கருக்கு ஒன்றரையை ஒட்டித் தொடங்கலாம். தடித்த கம்பிப் பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்த்தி. கால் சுற்றுத் திருப்பி, வாசித்துக் கேட்டு, மறுபடி திருப்புங்கள். மந்தமாக இருக்கிறது என்று வந்த ஹம்பக்கர்களில் பல, நெக் பக்கம் கொஞ்சம் இறக்கியதும் சரியாகிவிட்டன.

அப்புறம் கேபிள். அதன் மின்தேக்குத் திறன் ஒரு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால் 6 மீட்டர் கேபிளில் 600. அது மேல்சுரங்களைத் தின்றுவிடும். 3 மீட்டர் கேபிளைக் கடன் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் பிக்கப் கடைக்குப் போகலாம்.

கர்நாடக சங்கீதம் எலெக்ட்ரிக்ல வாசிக்கறேன். கமகத்துக்கு எது ஒத்துவரும்?

கமகத்தில் ஒரே மீட்டலில் விரல் நெடுந்தூரம் போய் வர வேண்டும். அதற்குக் கம்பி நீண்டு ஒலிக்க வேண்டும், சுருதியும் அசங்கக் கூடாது. ஸ்ட்ராட் வகைப் பிக்கப்பில் காந்தத் தண்டு கம்பிக்கு மிக அருகில் வந்தால், தடித்த கம்பிகளை மேல் ஃபிரெட்டுகளில் வாசிக்கும்போது காந்தம் கம்பியை இழுத்து சுரம் இரண்டாகப் பிளந்தமாதிரி நடுங்கும். கச்சேரியில் தம்புரா பின்னால் ஒலிக்கும்போது இது சகிக்காது. ஹம்பக்கரில் காந்தம் அடியில் இருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. நெக் பக்க ஹம்பக்கர், டோனை முழுதாகத் திறந்து, கொஞ்சம் கம்ப்ரெஷன் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது): இது நான் சொல்லும் முதல் யோசனை. சிங்கிள் காயிலின் விரல் நுணுக்கம்தான் வேண்டும் என்றால் பிக்கப்பை மேலே சொன்ன அளவைவிட நன்றாகவே இறக்கிவிடுங்கள். குறையும் சத்தத்தை ஆம்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஹம்பக்கர் மாத்தியும் இரைச்சல் போகலயே அண்ணா?

கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் இரைச்சல் கேட்டால் பிக்கப் மேல் பழியில்லை. ஆம்ப், பெடல், அடாப்டர், கேபிள் இவற்றில் ஒன்று. எல்லாப் பெடலையும் கழற்றி, கிட்டாரை நேராக ஆம்பில் செருகிப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே அடாப்டரில் ஐந்து பெடலைக் கோத்து வைத்திருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல். வால்யூம் பூஜ்யத்தில் அமைதி, ஏற்றினால் இரைச்சல் என்றால் கிட்டாருக்குள் ஒரு எர்த் ஒயர் விட்டிருக்கலாம், அல்லது மாற்றிய பிக்கப்பின் ஒரு சுருள் இணைப்பில் இல்லாமல் அது சிங்கிள் காயிலாக ஓடிக்கொண்டிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரின் நுனியால் இரண்டு சுருளையும் மெதுவாகத் தட்டுங்கள். இரண்டிலும் ஆம்பில் ஏறக்குறைய ஒரே அளவு 'டொக்' கேட்க வேண்டும்.

போன வருடம் ஒரு பையன் இரண்டாவது முறையாகப் பிக்கப்பை மாற்ற வந்தான். கிட்டாரில் ஒன்றும் இல்லை. அவன் ஆம்பாகப் பயன்படுத்தியது லேப்டாப், அதன் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றுவிட்டது.